வீட்டுக் கணினியில் ரான்சம்வேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்புகள் பூட்டப்பட்டுத் திகைத்து நிற்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் கணினி இந்த நிமிடம் தாக்குதலில் இருந்தால் நேராக 4ஆம் கேள்விக்குப் போங்கள்; மற்றதைப் பிறகு படிக்கலாம். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம். அவசரத்தில் செய்யும் சுத்தப்படுத்தல் பலருடைய கடைசி வாய்ப்பையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது.

1. ரான்சம்வேர் என்றால் என்ன? சாதாரண வைரஸ்தானே?

உங்கள் கோப்புகளைக் குறியாக்கம் செய்து, திறக்கும் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பணம் கேட்கும் நிரல் இது. கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பதுதான் யாராலும் படிக்க முடியாதபடி மாறியிருக்கிறது. மற்ற வைரஸ்கள் ஒளிந்திருக்கப் பார்க்கும். இது வேலையை முடித்ததும் தானே வந்து அறிவித்துக்கொள்ளும்.

இந்த மிரட்டல் புதிதல்ல. 1989இல் ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் தபாலில் அனுப்பிய ஃபிளாப்பி வட்டுகள், கணினியில் கோப்புகளின் பெயர்களைக் குழப்பிவிட்டு, பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லின. அதை முறியடிப்பது சுலபமாக இருந்தது. இன்றைய வகைகள் ஏன் அப்படி இல்லை என்பதை 6ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

2. போட்டோ எதுவுமே திறக்கவில்லை. இது ரான்சம்வேரா, ஹார்ட் டிஸ்க் பழுதா?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, கோப்பின் பெயர். 'பிறந்தநாள்.ஜேபிஜி' என்று இருந்ததன் வாலில் புதிதாகச் சில எழுத்துகள் ஒட்டியிருக்கும்; எல்லாக் கோப்புகளிலும் அதே எழுத்துகள். இரண்டாவது, கடைசியாக மாற்றப்பட்ட நேரம். பல ஆண்டுகளாகத் தொடாத படங்கள்கூட ஒரே நாளில், சில நிமிட இடைவெளிகளில் மாற்றப்பட்டதாகக் காட்டும். மூன்றாவது, நீங்கள் உருவாக்காத டெக்ஸ்ட் கோப்பு ஒன்று கோப்புறைக்குக் கோப்புறை கிடக்கும். அதுதான் மிரட்டல் கடிதம்.

வீட்டுக் கணினிகளில் அதிகம் காணப்பட்ட 'ஸ்டாப்' என்ற வகையின் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கவலைப்படாதீர்கள், எல்லாக் கோப்புகளையும் திரும்பப் பெறலாம்' என்று ஆறுதலாகத் தொடங்கும். விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையில் 490 டாலர், ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் திறந்து காட்டுவோம் என்று கடைக்காரர் தோரணையில் போகும். கடைசியில் உங்களுக்கென ஒரு நீளமான அடையாளக் குறியீடு இருக்கும். அந்தக் குறியீடு பின்னால் மிகவும் தேவைப்படும்.

ஹார்ட் டிஸ்க் பழுதானால் பெயர்கள் மாறாது, கடிதம் வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோப்புகள் திறக்காமல் போகும், கணினி மந்தமாகும், சில வட்டுகளில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

3. திரை முழுக்கக் காவல்துறை முத்திரையோடு எச்சரிக்கை. அபராதம் கட்டச் சொல்கிறது. எதுவும் நகரவில்லை. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் இல்லை. அது பிரவுசருக்குள் முழுத்திரையாக விரிந்திருக்கும் ஒரு வலைப்பக்கமாகவே இருக்கும். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட்டும் எஃப்4உம் சேர்த்து அழுத்துங்கள். நகராவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'முந்தைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கோப்புகள் வழக்கம்போலத் திறந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதில் காட்டும் தொலைபேசி எண்ணை மட்டும் அழைத்துவிடாதீர்கள்.

4. கண்ணெதிரே கோப்புகளின் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது! முதலில் என்ன செய்வது?

முதலில் இணைப்புகளைத் துண்டியுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் அனைத்தையும் கழற்றுங்கள். முறைப்படி வெளியேற்ற நேரம் பார்க்க வேண்டாம். அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு கோப்பு சேதமாகலாம். வட்டு முழுவதும் போவதைவிட அது மேல்.

அடுத்து கணினியை ஹைபர்னேட் செய்யுங்கள். அந்த வசதி தெரியவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். ஹைபர்னேட்டை நான் முன்னே சொல்வதற்குக் காரணம், அது நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. 2017இல் வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, மறுபடி தொடங்கப்படாத சில பழைய விண்டோஸ் கணினிகளின் நினைவகத்தில் மிஞ்சியிருந்த எண்களைக் கொண்டு சாவியையே மீட்டெடுக்க முடிந்தது. அபூர்வமான வாய்ப்புதான், ஆனாலும் வீணாக்க வேண்டாம். குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை 'யோசித்துக்கொண்டு' அப்படியே விட்டுவைப்பதுதான் ஆகப் பெரிய தவறு.

மிரட்டல் கடிதம் ஏற்கெனவே திரையில் இருந்தால் அணைக்கும் முன் கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. உடனே ஃபார்மட் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடுமே?

நிரல் போய்விடும். அதோடு கோப்புகளும் போய்விடும். உங்களிடம் முழுமையான பேக்கப் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லையென்றால், பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் கடிதத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைக்கும்வரை ஃபார்மட் பேச்சே வேண்டாம். இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் கடையை மூடினார்கள். ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் கேட்டதும் முதன்மைச் சாவியையே வெளியிட்டுவிட்டார்கள். பூட்டிய கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் இலவசமாகத் திரும்பக் கிடைத்தது. ஃபார்மட் செய்தவர்களுக்குத் திறக்க எதுவும் இருக்கவில்லை.

நகலெடுக்கப் பாதிக்கப்பட்ட விண்டோஸைத் தொடங்காதீர்கள். லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நகலெடுக்கலாம். அல்லது வட்டைக் கழற்றி, விவரம் தெரிந்தவரின் கணினியில் இணைக்கலாம். பூட்டப்பட்ட படமோ ஆவணமோ நோயைப் பரப்பாது, அது வெறும் தரவு. நிரல்களையும் நிறுவல் கோப்புகளையும் நகலெடுக்க வேண்டாம்.

6. வைரஸ் தடுப்பு மென்பொருள் 'அனைத்தும் நீக்கப்பட்டது' என்கிறது. ஆனால் கோப்புகள் இன்னும் திறக்கவில்லையே?

நிரலை நீக்குவது ஒரு வேலை, கோப்புகளைத் திறப்பது வேறொரு வேலை. வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்வது முதலாவது மட்டும். திருடனை வீட்டைவிட்டுத் துரத்தினாலும் அவன் போட்ட பூட்டு கதவில்தான் தொங்கும்.

பூட்டு எப்படிப்பட்டது என்றால், ஒவ்வொரு கோப்பையும் ஏ.இ.எஸ் போன்ற வேகமான முறையில் குறியாக்கம் செய்வார்கள். அதற்குப் பயன்படுத்திய சாவியை ஆர்.எஸ்.ஏ முறையில், தங்களுடைய பொதுச் சாவியால் மீண்டும் பூட்டுவார்கள். அதைத் திறக்கும் தனிச் சாவி உங்கள் கணினிக்கு வருவதே இல்லை, அவர்களிடம்தான் இருக்கும். 1989ஆம் ஆண்டு நிரலில் சாவி உள்ளேயே இருந்தது, எடுத்துவிட்டார்கள். இன்று சரியாக எழுதப்பட்ட ரான்சம்வேரில் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். அவர்கள் நிரலில் செய்யும் பிழையும், காவல்துறை கைப்பற்றும் அல்லது அவர்களே வெளியிடும் சாவிகளும்தான் நமக்குக் கிடைக்கும் வழிகள்.

7. கோப்பின் வாலில் ஒட்டியிருப்பதை அழித்து, பழைய பெயர் கொடுத்தால் திறக்குமா?

திறக்காது. பெயர்தான் மாறும், உள்ளடக்கம் மாறாது. மீட்புக் கருவிகள் பல அந்த வாலைப் பார்த்துத்தான் கோப்பை அடையாளம் காண்கின்றன என்பதால், மாற்றாமல் விடுவதே நல்லது.

8. எந்த ரான்சம்வேர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு நம்பகமான சேவைகள் இருக்கின்றன. ஒன்று 'நோ மோர் ரான்சம்'. 2016 ஜூலையில் நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களான காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி ஆகியவை சேர்ந்து தொடங்கிய தளம். அதில் உள்ள 'கிரிப்டோ ஷெரிஃப்' பகுதியில் பூட்டிய கோப்பையும் கடிதத்தையும் கொடுத்தால், வகையைச் சொல்லி, இலவச மீட்புக் கருவி இருந்தால் அதையும் தரும். மற்றொன்று 'ஐடி ரான்சம்வேர்'. இரண்டிலும் பாருங்கள். சுத்தமான வேறொரு கணினியிலிருந்து பாருங்கள். பதிவேற்ற, முக்கியமில்லாத ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.

9. 'ஸ்டாப் டிஜேவியூ' என்று காட்டுகிறது. மீட்க வழி உண்டா?

சிலருக்கு உண்டு. 2ஆம் கேள்வியில் வந்த 'ஸ்டாப்' இதுதான். இது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பயனர்களைக் குறிவைத்தே பரவியது இது.

இந்த நிரல் தன் சர்வரைத் தொடர்புகொண்டு உங்களுக்கு மட்டுமான ஒரு பூட்டும் சாவியை வாங்கப் பார்க்கும். கிடைத்தால் அது 'ஆன்லைன் சாவி'. சர்வர் கிடைக்காவிட்டால் நிரலுக்குள்ளேயே இருக்கும் 'ஆஃப்லைன் சாவி'யைப் பயன்படுத்தும். அந்த வகை தாக்கிய, அப்படி இணைப்புக் கிடைக்காத எல்லோருக்கும் அதே சாவிதான். எனவே அவர்களில் ஒருவருக்கு அதைத் திறக்கும் சாவி கிடைத்து, அதை ஆய்வாளர்களிடம் கொடுத்தால் மற்றவர்களுக்கும் வழி பிறக்கிறது. 2ஆம் கேள்வியில் சொன்ன அடையாளக் குறியீட்டின் கடைசி இரண்டு இடங்களைப் பாருங்கள். 'டி' (t) என்ற சிறிய ஆங்கில எழுத்தும் 1 என்ற எண்ணுமாக முடிந்தால் ஆஃப்லைன் சாவி. எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவியில் உங்கள் வகைக்கான சாவி சேர்ந்திருந்தால் கோப்புகள் திறந்துவிடும். 2019 ஆகஸ்டுக்கு முந்தைய பழைய வகைகளுக்கு, ஒரே கோப்பின் பூட்டிய பிரதியையும் பூட்டாத பிரதியையும் கொடுத்தும் மீட்க முடிந்தது. பழைய மின்னஞ்சலில் யாருக்காவது அனுப்பிய படம் அப்போது கை கொடுக்கும்.

ஆன்லைன் சாவி என்றாலும் முழுதாகக் கைவிட வேண்டாம். வேகத்துக்காக இது ஒவ்வொரு கோப்பின் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் குறியாக்கம் செய்கிறது. சிறிய ஆவணங்கள் முழுவதும் போய்விடும். ஆனால் பெரிய வீடியோவில் மிச்சம் அப்படியே இருக்கும். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், வீடியோ பழுதுநீக்கும் கருவிகள் பலவற்றைச் சரிசெய்துவிடுகின்றன. பெரிய ஜிப் கோப்புகளிலும், தொடக்கத்தில் இருப்பவை தவிர மற்றவற்றை எடுத்துவிட முடியும்.

10. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாமா? சிஸ்டம் ரெஸ்டோர்?

ஓட்டலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சில வகைகள் பூட்டிய புதுப் பிரதியை எழுதிவிட்டு மூலத்தை அழிக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்ததில் கொஞ்சம் மீளலாம். ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவி போதும். எஸ்.எஸ்.டி (சுழலும் பாகம் இல்லாத புதுவகை வட்டு) என்றால் அழிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடும், பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மீட்பதை வேறு வட்டில் சேமியுங்கள்.

விண்டோஸ் எடுத்து வைக்கும் 'ஷேடோ காப்பி' எனும் பழைய பிரதிகளை, பெரும்பாலான ரான்சம்வேர் முதல் வேலையாக அழித்துவிடும். அந்தக் கட்டளை தோல்வியடைந்திருக்கவும் கூடும், அதனால் ஷேடோ எக்ஸ்ப்ளோரர் கொண்டு ஒருமுறை பாருங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடுவதே இல்லை.

11. எல்லாம் கிளவுடில் இருக்கிறது. அது தப்பித்திருக்கும் அல்லவா?

ஒத்திசைவு என்பது பேக்கப் அல்ல. கணினியில் பூட்டப்பட்ட கோப்பு 'புதிய பிரதி' என்று கிளவுடுக்கும் போய்விடும். ஆனால் பழைய பிரதிகளை இந்தச் சேவைகள் சில காலம் வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்கள் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாட்களுக்குள் ஏதாவது ஒரு நேரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். கூகுள் டிரைவில் கோப்பு வாரியாக முந்தைய பிரதிகளைப் பார்க்கலாம். அங்கும் பொதுவாக 30 நாள் வரம்பு உண்டு. எனவே நாள் கடத்தாதீர்கள். பாதிக்கப்பட்ட கணினி இணையத்தில் இல்லாதபோது, வேறொரு கருவியிலிருந்து இதைச் செய்யுங்கள்.

12. பணம் கொடுத்துவிட்டால் முடிந்துவிடாதா? குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யா என்ற நிரல் பணம் கேட்டது. ஆனால் கோப்புகளைத் திரும்பத் தரும் வழியே அதில் இல்லை. பணம் கட்டியவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய மின்னஞ்சல் முகவரியும் சில மணி நேரத்தில் முடக்கப்பட்டுவிட்டது. சாவி தருகிறவர்களும் உங்களைக் 'கொடுக்கக்கூடியவர்' என்று குறித்துக்கொள்வார்கள்.

'நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 6ஆம் பதிலைப் படித்தால் அந்த உறுதி எப்படிப்பட்டது என்று தெரியும். அப்படிச் சொன்ன சிலர் குற்றவாளிகளுக்கே பணம் கொடுத்துச் சாவி வாங்கி, அதன்மேல் தங்கள் கட்டணத்தையும் வைத்தது வெளிவந்திருக்கிறது. தேடலில் கிடைக்கும் இலவசக் கருவிகளும் ஆபத்து: 2020இல் 'ஸ்டாப்' மீட்புக் கருவி என்ற பெயரில் வந்த ஒன்று, ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை இரண்டாம் முறை பூட்டியது. ஸோராப் என்ற இன்னொரு ரான்சம்வேர் அது. 8ஆம் பதிலில் சொன்ன தளங்கள் காட்டும் கருவிகளைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

13. சரி, நகலெடுத்துவிட்டேன். நிரலை எப்படி நீக்குவது?

என் பரிந்துரை: வட்டை முழுவதும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் நிறுவல் பென்டிரைவைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, எல்லாப் பகுதிகளையும் அழித்து நிறுவ வேண்டும். 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்ற ரீசெட் தேர்வு வேண்டாம்.

அது முடியாத நிலை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள்; விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே அது சோதிப்பதால் நிரல் ஒளிய இடம் குறைவு. பிறகு வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனரையும் ஓட்டுங்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் உங்களுக்குத் தெரியாத வேலை ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்டாப்' அங்கேதான் தன்னைப் பதிந்துவைத்து, புதிதாக நீங்கள் சேமிக்கும் கோப்புகளையும் பூட்டும். பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், எந்தத் தளத்தை எங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு மாற்றப்பட்டிருக்கும். அதையும் சீராக்க வேண்டும்.

14. புதிதாக விண்டோஸ் போட்டாகிவிட்டது. பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ரான்சம்வேர் பல நேரம் தனியாக வருவதில்லை. 'ஸ்டாப்' தன்னோடு அஸோரல்ட் என்ற தகவல் திருடும் நிரலையும் கொண்டுவந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, நீங்கள் உள்நுழைந்ததைத் தளத்துக்கு நினைவூட்டும் குக்கி எல்லாம் அதற்குப் போகும். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கி பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய விடும்.

15. நான் எந்தச் சந்தேக மெயிலையும் திறக்கவில்லை. பிறகு எப்படி வந்தது?

மின்னஞ்சல் ஒரு வழிதான். வீடுகளில் நான் அதிகம் கேள்விப்படுவது 'கிராக்' செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருளும் விளையாட்டுகளும். அவற்றின் குறிப்பில் இரண்டு வரி பார்த்திருப்பீர்கள்: 'வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவவும்', 'ஜிப் பாஸ்வேர்டு இது'. முதல் வரி காவலை நம் கையாலேயே அகற்றச் சொல்கிறது. இரண்டாவது, ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாதபடி மறைக்கிறது. நிறுவும்போது விண்டோஸ் அப்டேட் போன்ற ஒரு சின்னச் சாளரம் ஓடும். அது போலி. அதன் பின்னால்தான் உங்கள் கோப்புகள் பூட்டப்படுகின்றன.

எதையும் சொடுக்காமலே வருவதும் உண்டு. 2017 மே 12 அன்று பரவிய வானாகிரை, விண்டோஸின் ஒரு பழைய கோப்புப் பகிர்வு ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தானே தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான நீட்டிப்பு எடுக்காமல் அதையே ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

16. மறுபடி வராமல் இருக்க ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள்.

பேக்கப் எடுத்ததும் கழற்றி வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். எப்போதும் செருகியே இருந்தால் அதுவும் பூட்டப்படும். இரண்டாவதாக ஒன்று கேட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் பாதுகாப்பு' பகுதிக்குள் இருக்கும் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. இயல்பாக அது அணைந்தே இருக்கும். இயக்கினால் அறிமுகமில்லாத நிரல் எதுவும் உங்கள் ஆவணக் கோப்புறைகளில் கைவைக்க முடியாது. சில நல்ல நிரல்களையும் தடுத்து எரிச்சலூட்டும். அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

17. கோப்புகளின் வாலில் இரண்டு வகை எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. மீட்புக் கருவி கிடைத்தும் வேலை செய்யவில்லை.

இரண்டு ரான்சம்வேர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டியிருக்கலாம். கடைசியில் ஒட்டியிருப்பது வெளிப்பூட்டு. அதை முதலில் திறந்தால்தான் உள்பூட்டுக்கான கருவி வேலை செய்யும். ஒன்றுக்கு மட்டும் கருவி இருந்து அது உள்பூட்டுக்கானது என்றால், காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்தக் கருவியானாலும் நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள். முதலில் பத்துக் கோப்புகளில் முயன்று, திறந்து பார்த்து, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். 'வெற்றி' என்று கருவி சொல்வதும் படம் திறப்பதும் ஒன்றல்ல.

18. இப்போதைக்குக் கருவியே இல்லை என்கிறார்கள். எவ்வளவு காலம் காத்திருப்பது?

தேதி சொல்ல முடியாது. ஆனால் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2013இல் பரவிய கிரிப்டோலாக்கரின் சாவிகள், அதன் வலைப்பின்னல் முறியடிக்கப்பட்ட பின் 2014 ஆகஸ்டில் இலவசமாகக் கிடைத்தன. 2019இல் பரவிய மேஸ் என்ற ரான்சம்வேரின் சாவிகள் 2022 பிப்ரவரியில் வெளிவந்தன. டெஸ்லாகிரிப்ட் கதையை 5ஆம் பதிலில் பார்த்தோம்.

பூட்டிய கோப்புகள், மிரட்டல் கடிதம், சி டிரைவில் 'சிஸ்டம்ஐடி' என்ற கோப்புறை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே வட்டில் வைத்து, மேலே வகையின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்காக இருக்கட்டும். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்.எஸ்.டியில் தரவு மங்கிப்போக வாய்ப்புண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை 8ஆம் பதிலில் சொன்ன இரண்டு தளங்களிலும் அதே வகையைத் தேடிப் பாருங்கள்.